தாராச் ஆற்றங்கரையில் தண்ணீருக்கு விலை கொடுப்பது யார்? – துர்கானா பயணக் குறிப்புகள்

திங்கள், லோட்வார்

நைரோபியிலிருந்து புறப்பட்ட சிறிய விமானம் லோட்வாரில் இறங்கியபோது நண்பகல் ஆகியிருந்தது. கென்யாவின் வடமேற்கு மூலையில், உகாண்டா, தெற்கு சூடான், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் துர்கானா மாவட்டத்தின் தலைநகர் இது. ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே காணும் இந்த மண்ணில், 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 9,26,976 பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஆடும் ஒட்டகமும் மாடும் கழுதையும்தான் சொத்து.

அகதிகளுக்கும், அவர்கள் வந்து தங்கிய இடத்தில் ஏற்கெனவே வாழ்ந்துவரும் உள்ளூர் மக்களுக்கும் தண்ணீரையும் கழிப்பறையையும் நன்கொடையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, சிறு வணிகர்கள் வழியாக விலைக்குக் கிடைக்கும் சேவையாக மாற்ற வேண்டும் என்ற கருத்து உதவி நிறுவனங்களிடையே வலுப்பெற்று வருகிறது. குடிநீர்த் திட்டங்களில் வேலை செய்பவன் என்ற முறையில் அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பராமரிப்புக்குப் பணம் வராத எந்தத் திட்டமும் நிலைத்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் வறட்சி வரும்போது இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்குமா என்பதை நேரில் பார்க்காமல் பேசக்கூடாது என்பதால்தான் இந்தப் பயணம்.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி, 2022ஆம் ஆண்டின் இறுதிவரை ஐந்து பருவமழைகள் இங்கே அடுத்தடுத்துப் பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதி கண்ட மிகக் கடுமையான வறட்சி அது. கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மாலையில் கால்நடைச் சந்தையில் ஒரு முதியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வறட்சியில் ஆடு மெலியும், மெலிந்த ஆட்டை எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் விலை சரியும், அதே நேரத்தில் கிணற்று நீர் கீழே போவதால் தண்ணீரின் விலை ஏறும் என்று நிதானமாக விளக்கினார். வாங்குபவரின் கையில் பணம் மிகவும் குறையும் நாளும், பொருளின் செலவு மிகவும் கூடும் நாளும் இங்கே ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தண்ணீரை விற்பது குறித்த எந்தத் திட்டத்தையும் இந்த ஓர் உண்மையை வைத்தே அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய், லோட்வாரிலிருந்து காக்குமாவுக்கு

தெற்கு சூடான் எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், அகதிகள் முகாம் உள்ள காக்குமா இருக்கிறது. வழிநெடுகச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நம் ஊர்க் கண்மாய்களில் பார்த்துப் பழகிய அதே மரம், இங்கேயும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்கென்று கொண்டுவந்து நடப்பட்டு, இப்போது ஆற்றோரங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிச் சுட்ட கரி மூட்டைகள் சாலையோரத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. துர்கானாப் பெண்கள் முகாம் மக்களுக்கு விற்கும் முதன்மையான பொருள்களில் விறகும் கரியும் அடங்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன். கழிப்பறையைப் பற்றி எழுதும்போது இது தேவைப்படும்.

காக்குமாவை ஒட்டி ஓடும் தாராச், ஆண்டில் சில நாள்கள் மட்டுமே நீர் பாயும் ஆறு. மற்ற நாள்களில் அது அகன்ற மணல்வெளி. ஆனால் மணலுக்கு அடியில் நீர் இருக்கிறது, முகாமின் ஆழ்துளைக் கிணறுகளும் இந்த ஆற்றோரத்தையே நம்பியிருக்கின்றன. பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இரண்டு பெண்கள் ஆற்று மணலில் ஊற்று தோண்டியிருந்தார்கள். ஒருத்தி இடுப்பளவுக்குமேல் குழிக்குள் நின்று, சிறு கிண்ணத்தால் மண் கலங்காமல் நீரை மொண்டு மேலே நீட்ட, மற்றவள் அதை மஞ்சள் நிற எண்ணெய்க் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேனின் வாயில் ஒரு துணித்துண்டு கட்டப்பட்டிருந்தது, வடிகட்டுவதற்காக. இருபது லிட்டர் நிறைவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஊற்றுக்கு விலை கிடையாது. தண்ணீர்க் கடை போட நினைக்கும் எவரும் முதலில் போட்டியிட வேண்டியது இதனோடுதான்.

1992ஆம் ஆண்டு, சூடான் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி நடந்தே வந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது காக்குமா முகாம். இன்று அதையும் அருகிலுள்ள கலோபேயிக் குடியிருப்பையும் சேர்த்தால் மக்கள்தொகை மூன்று லட்சம் என்ற அளவில் இருக்கிறது.

புதன், காக்குமா

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, காக்குமாவை ஒரு சந்தையாகப் பார்த்து அளந்தது. 2,000க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் இங்கே இயங்குவதாகவும், ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் அளவுக்குப் பணம் புழங்குவதாகவும் அது கணக்கிட்டது. அந்த எண்களை வெறும் தாளில் படித்தபோது ஏற்பட்ட ஐயம், எத்தியோப்பியர்களின் கடைத்தெருவில் கால் வைத்ததும் தீர்ந்தது. கைப்பேசிப் பழுதுபார்ப்பவர், தையல்காரர், மாவுமில், உணவகம், மொத்த வியாபாரக் கிடங்கு என்று எல்லாமே இருக்கின்றன. அகதி என்ற சொல் மனத்தில் எழுப்பும் கையேந்தும் உருவத்துக்கும் இந்தத் தெருவுக்கும் தொடர்பே இல்லை.

ஆனால் தெருமுனைக் குழாயடியில் நிலைமை வேறு. முகாமுக்குள் குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் இல்லை. கேன்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன, உரியவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வரிசையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். நெருக்கடிக் கால உதவிக்கான ஸ்பியர் அளவுகோல், ஒரு குழாய்க்கு 250 பேர், நிமிடத்துக்கு 7.5 லிட்டர் நீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று சொல்கிறது. அதன்படி 3,750 லிட்டர் பிடிக்கக் குழாய் இடைவிடாமல் எட்டு மணி இருபது நிமிடம் ஓட வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையம் இலக்காகக் கொண்டுள்ள 20 லிட்டரைக் கொடுக்க வேண்டுமானால் பதினொரு மணி நேரத்துக்கும் மேல். மோட்டார் பழுதாகியோ மின்சாரம் குறைந்தோ நான்கு மணி நேரமே தண்ணீர் வந்தால், ஆளுக்குக் கிடைப்பது ஏழு லிட்டரைச் சற்றே தாண்டும். இலவசத் தண்ணீருக்கும் விலை இருக்கிறது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளுக்கு ஆறு கேன், ஒவ்வொன்றும் இருபது கிலோ. அதைச் சுமப்பவர்கள் பெண்களும் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமிகளும்.

அங்கேதான் சந்தை உள்ளே நுழைகிறது. கழுதை வண்டிக்காரரும், போடா போடா என்றழைக்கப்படும் மோட்டார் சைக்கிள்காரரும், தள்ளுவண்டி வைத்திருக்கும் துர்கானா இளைஞரும் கேன்களை வீடு கொண்டுசேர்த்துக் கூலி வாங்குகிறார்கள். உணவகங்கள் அவர்களை நம்பியே நடக்கின்றன. இவர்கள் விற்பது தண்ணீரை அல்ல, உழைப்பை. ஆயினும் குழாய் நின்றுபோகும் நாளில் அந்தக் கூலி ஏறுகிறது, கூலி கொடுக்க முடியாதவர்கள் தாராச் மணலுக்குத் திரும்புகிறார்கள். சந்தையை ஏற்படுத்தித்தர இங்கே எவரும் வர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஏழைக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

வியாழன், கலோபேயி

காக்குமாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 2015ஆம் ஆண்டில் மாவட்ட அரசு ஒதுக்கிய நிலத்தில் உருவானது கலோபேயி. தொடக்கத்திலிருந்தே அகதிகளும் துர்கானா மக்களும் ஒரே பள்ளி, ஒரே மருத்துவமனை, ஒரே சந்தை என்று பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் ஐ.நா. வாழிடத் திட்ட அமைப்பு இதன் வரைபடத்தை வகுத்தது. உணவுப் பொருளில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கைப்பேசி வழியே பணமதிப்புள்ள சீட்டாக உதவி வழங்கும் முறையும் இந்த வட்டாரத்தில் அந்த ஆண்டிலேயே தொடங்கியது. கையில் வாங்கும் சக்தி வந்ததும் கடைகள் தாமாக முளைத்தன. தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றிலும் அதே பாதையில் போகலாம் என்ற நம்பிக்கைக்கு இதுவே வேர்.

ஒரு தண்ணீர்க் கடையில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, சிமென்ட் மேடை, சன்னலுக்கு வெளியே இரண்டு குழாய்கள். தெற்கு சூடானைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அதை நடத்துகிறார். வாங்க வருபவர்களில் அவருடைய ஊர்க்காரர்களும் உண்டு, கழுத்து நிறைய மணிமாலை அணிந்த துர்கானாப் பெண்களும் உண்டு. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இளைஞர் வழியாக அவருடைய கணக்கு நோட்டைக் காட்டும்படி கேட்டேன். தயங்காமல் எடுத்து நீட்டினார்.

பள்ளிக்கூட நோட்டுதான். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள்: விற்ற கேன்கள், கையில் வந்த பணம், கடன். மழைக்காலப் பக்கங்களில் முதல் பத்தி சிறுத்திருந்தது, ஏனென்றால் பள்ளங்களில் நீர் தேங்கியிருக்கும்போது யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வறண்ட மாதங்களில் விற்பனை பெருகியிருந்தது. ஆனால் அதைவிட வேகமாகக் கடன் பத்தி நீண்டுகொண்டே போயிருந்தது, சில பெயர்களுக்கு எதிரே கோடுகள் போட இடமின்றி அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தன. கடனைக் கேட்டு வாங்குவீர்களா என்றேன். "ஆடு செத்துப்போன வீட்டில் போய் எப்படிக் கேட்பது? அவர்கள் இந்த மண்ணுக்காரர்கள், நான் வந்து தங்கியிருப்பவள்" என்று சொன்னார். முதியவர் சொன்ன வறட்சிக் கணக்கு இந்த நோட்டில் எழுத்தாகவே இருந்தது. அரசோ உதவி நிறுவனங்களோ சுமக்க வேண்டிய வறட்சிக் கால மானியத்தை, தன் பெட்டியிலிருந்து இந்தப் பெண் கொடுத்திருக்கிறார்.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது அவர் அடுத்துச் சொன்னது. வறட்சி முற்றியிருந்த ஒரு சமயத்தில், நல்லெண்ணத்தோடுதான், ஒரு நிறுவனம் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து கடைக்கு அருகிலேயே இலவசமாகத் திறந்துவிட்டதாம். வாரக்கணக்கில் கடையில் விற்பனை இல்லை. பாதுகாவலருக்கும் குழாய் பார்ப்பவருக்கும் கொடுக்கப் பணமில்லாமல் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். லாரி நின்ற பிறகு, ஒழுகிக்கொண்டிருந்த வால்வை மாற்ற ஆளும் இல்லை, காசும் இல்லை.

தாகத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த லாரிக்கான செலவில் ஒரு பகுதியை, வாங்க இயலாத குடும்பங்களின் கைப்பேசிக்கு நீர்ச்சீட்டாக அனுப்பியிருந்தால், அவர்கள் இதே கடையில் தண்ணீர் பிடித்திருப்பார்கள். கடையும் உயிரோடு இருந்திருக்கும், கடன் பத்தியும் இவ்வளவு நீண்டிருக்காது. கிணறே வற்றிய இடத்துக்கு லாரிதான் வழி. கிணற்றில் நீர் இருந்து, மக்களிடம் காசு இல்லாத இடத்தில் லாரி கெடுதலே செய்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினமான வேலை அல்ல. கிணற்றின் நீர்மட்டத்தையும் கடையின் நோட்டையும் பார்த்தாலே போதும்.

வெள்ளி, காக்குமா

தண்ணீரைப் பற்றிப் பேச எல்லாரும் முன்வருகிறார்கள், கழிப்பறை என்றதும் பேச்சு குறைந்துவிடுகிறது. அதனால்தான் இன்றைய குறிப்பை விரிவாக எழுதுகிறேன்.

முகாமின் பெரும்பாலான கழிப்பறைகள் குழிக் கழிப்பறைகள்: தகரச் சுவர், பிளாஸ்டிக் அல்லது கான்கிரீட் தளப்பலகை, கீழே ஒரு குழி. ஒரு கழிப்பறைக்கு 20 பேருக்கு மேல் போகக்கூடாது என்பது ஸ்பியர் அளவுகோல். ஒருவரால் ஆண்டுக்கு 40 முதல் 60 லிட்டர் கசடு குழியில் சேரும் என்று வைத்துக்கொண்டு பொறியாளர்கள் குழியைத் திட்டமிடுவது வழக்கம். ஒரு மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் உள்ள குழியில் மேல் அரை மீட்டரை விட்டுவிட்டால் மிஞ்சுவது 2,500 லிட்டர். இருபது பேர் பயன்படுத்தினால் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு மூடிவிட்டு வேறிடத்தில் தோண்ட வேண்டும். முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட முகாமில் புதிதாகத் தோண்டுவதற்கு இடம் ஏது? மணற்பாங்கான பகுதியில் குழியின் பக்கங்கள் சரிகின்றன, பாறைப் பகுதியில் கடப்பாரை இறங்குவதில்லை, தாராச் பெருகும்போது குழிகளில் உள்ளது மேலே வருகிறது.

இன்று என்னை அழைத்துச் சென்ற கொத்தனார் காங்கோவைச் சேர்ந்தவர், தளப்பலகை வார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர். கம்பியை முன்னரே வளைத்துக் கட்டி, சாக்குத் துணியை நனைத்து மூடி, ஒரு வாரம் நீர் காட்டிப் பதப்படுத்தும் முறையைச் செய்தே காட்டினார். வேலை நேர்த்தி. ஆனால் வாடிக்கையாளர் குறைவு. அதற்கு அவர் சொன்ன காரணங்கள் எந்த ஆய்வறிக்கைக்கும் குறைந்தவை அல்ல. நிறுவனங்கள் இலவசமாகக் கட்டிக்கொடுக்கும் என்று காத்திருப்பவர்கள் தம் காசைப் போட மாட்டார்கள். காசு போட விரும்புபவர்களுக்கும் மொத்தத் தொகை ஒரே நேரத்தில் கையில் இருப்பதில்லை, தவணை கொடுக்க அவரிடமும் முதல் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், நாளை எங்கே அனுப்பப்படுவோம் என்று தெரியாத நிலையில், பத்தாண்டு நிலைக்கும் கழிப்பறையைக் கட்ட யாருக்கு மனம் வரும்? கழிப்பறைச் சந்தை என்று பேசும்போது இந்த நிலவுரிமைச் சிக்கலை ஓரமாக வைத்துவிட முடியாது.

குழியே இல்லாத வழி ஒன்றும் இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. நைவாஷாவில் தொழில் தொடங்கிய சானிவேஷன் என்ற கென்ய நிறுவனம், சிறுநீரும் மலமும் தனித்தனியே சேரும் கொள்கலன் கழிப்பறைகளை முகாம் வீடுகளில் வைத்து, கொள்கலன்களை முறைவைத்து எடுத்துச் சென்று, மலத்தைச் சூரிய வெப்பத்தால் கிருமி நீக்கி, கரித்தூளோடு கலந்து எரிகட்டிகளாக மாற்றியது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்பதால் இரவில் பெண்களும் குழந்தைகளும் வெளியே போக வேண்டியதில்லை. நிரம்பிய குழியை என்ன செய்வது என்ற கவலையும் இல்லை. விறகுக்காகத் துர்கானா மக்களுக்கும் அகதிகளுக்கும் இடையே மோதல்கள் நடந்திருக்கும் இந்த மண்ணில், எரிகட்டிக்குத் தேவை உண்டு. அதே நேரத்தில், கரி விற்றுப் பிழைக்கும் துர்கானாப் பெண்ணுக்கு இது போட்டியாகவும் ஆகலாம். இத்தகைய தொழிலைத் தொடங்கும்போதே அதில் அவருக்கும் பங்கும் வேலையும் இருந்தாக வேண்டும்.

எரிகட்டி விற்ற பணத்தில் மட்டுமே கழிப்பறைச் சேவையை நடத்திவிடலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரும்பாலான பெருநகரங்களில் சாக்கடையைக் குடிமக்களின் கட்டணம் மட்டுமே தாங்குவதில்லை, பொதுப்பணமும் சேர்ந்தே தாங்குகிறது. காலரா ஒரு வீட்டில் தொடங்கினால் தெரு முழுவதும் பரவும் என்பதால், கழிவை அகற்றும் செலவில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் ஏற்பதே முறை. சந்தைவழிச் சேவை என்ற பெயரில் அகதியிடம் மட்டும் முழு விலையையும் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சனி, ஆற்றின் மேற்புறத்தில் ஒரு துர்கானாச் சிற்றூர்

முகாமைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தண்ணீருக்கு நடப்பது இன்னும் நெடுந்தொலைவு. துர்கானா மாவட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கழிப்பறையும் கிடையாது. அகதிகளுக்குக் குழாய் வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை என்ற ஆற்றாமை இங்கே பேசும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது.

ஊரின் நடுவில் ஆஃப்ரிதேவ் கைப்பம்பு ஒன்று ஓய்ந்து நின்றது. கழன்றிருந்த கம்பிகளைப் பார்த்தபோது, உள்ளே தேய்ந்துபோனது ரப்பர் வளையம் மட்டும்தான் என்று தெரிந்தது. உள்ளங்கையில் அடங்கும் பொருள், விலையும் பெரிதல்ல. ஆனால் அதை விற்கும் கடை இந்த வட்டாரத்தில் இல்லை. பம்பு வேலை செய்யாததால் பெண்கள் வேறொரு கிணற்றுக்குப் போகிறார்கள். அங்கே எடுத்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தெரிந்தது. துர்கானாவின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு, உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டுகிறது. உப்பை நாக்கு கண்டுபிடிக்கும், ஃபுளோரைடைக் கண்டுபிடிக்காது. ஆகவே வாங்குபவர் நல்ல தண்ணீரைத் தேர்ந்தெடுப்பார், கெட்டதை விடுவார் என்ற வாதம் இங்கே செல்லாது. கடைதோறும் நீரைச் சோதித்து முடிவை எழுதி மாட்டும் பொறுப்பு அரசுடையது.

2013ஆம் ஆண்டு, இந்த மாவட்டத்தின் லோட்டிகிப்பிச் சமவெளிக்கு அடியில் மாபெரும் நீர்த்தேக்கம் கண்டுபிடிக்கப்பட்டதாக அரசும் யுனெஸ்கோவும் அறிவித்தபோது உலகச் செய்தித்தாள்களெல்லாம் அதை எழுதின. பின்னர் அந்த நீர் குடிக்க இயலாத அளவுக்கு உப்பு என்று தெரியவந்தது. அந்த அறிவிப்பை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

மேய்ப்பர்களுக்கு மற்றொரு கணக்கு இருக்கிறது. தாகித்த ஒட்டகம் ஒரே தடவையில் நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆளுக்கு இருபது லிட்டர் என்று திட்டமிட்ட கிணற்றில் மந்தை வந்து நின்றால் கணக்கு குலைகிறது, மந்தையைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் இல்லை. கால்நடைத் தொட்டிக்குத் தனிக்குழாய், அதற்குத் தனிக்கட்டணம் என்று ஊர்க்குழு வைத்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. நல்ல காலத்தில் மந்தைக் கட்டணம்தான் மனிதர் குடிக்கும் நீரின் செலவைத் தாங்குகிறது என்று குழுத் தலைவி சொன்னார்.

ஞாயிறு, மீண்டும் லோட்வார்

கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசமைப்பின் 43ஆவது பிரிவு, போதுமான பாதுகாப்பான நீரையும் தகுந்த சுகாதார வசதியையும் ஒவ்வொருவருக்குமான உரிமையாகச் சொல்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நீர் வழங்கலை மாவட்ட அரசுகளிடம் ஒப்படைத்தது. முகாம்களை உள்ளூரோடு இணைந்த குடியிருப்புகளாக மாற்றும் ஷிரிகா திட்டம் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிநாட்டு உதவி குறைந்து, காக்குமாவில் உணவு வழங்கல் கடுமையாகச் சுருங்கியது. கையில் உள்ள சில்லறை முழுவதும் உணவுக்கே போகும்போது தண்ணீர்க் கடைக்கு எதுவும் மிஞ்சாது. உதவியைக் குறைப்பதற்கான சாக்காகச் சந்தை ஆகிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

ஆனாலும் சந்தைவழிச் சேவையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலோபேயிக் கடைக்காரப் பெண்ணும் காங்கோக் கொத்தனாரும் ஊர்க்குழுத் தலைவியும் தங்கள் வேலையைச் செவ்வையாகச் செய்கிறார்கள், அவர்கள் தலையில் வறட்சியையும் சேர்த்துக் கட்டுவதுதான் தவறு. அதைத் தாங்குவதற்கான கருவிகள் கென்யாவிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் மாதந்தோறும் ஒவ்வொரு வறண்ட மாவட்டத்துக்கும் அறிக்கை வெளியிட்டு, நிலைமை இயல்பா, விழிப்பா, அபாயமா, நெருக்கடியா என்று வகைப்படுத்துகிறது. துர்கானா உள்ளிட்ட வடமாவட்டங்களின் வறிய குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 5,400 ஷில்லிங் என்ற அளவில் வழங்கிவந்த பசிப் பாதுகாப்புத் திட்டம், வறட்சி கூடும்போது மேலும் பல குடும்பங்களுக்கு விரிவடையும்படி வகுக்கப்பட்டது. தண்ணீருக்கும் அதே முறை வேண்டும். அறிக்கை அபாயக் கட்டத்தைக் காட்டியவுடன், எந்தக் கூட்டமும் தீர்மானமும் தேவைப்படாமல், உள்ளூர் மக்களுக்கும் அகதிகளுக்கும் ஒரே அளவில் நீர்ச்சீட்டு கைப்பேசிக்குப் போக வேண்டும், அதை எந்தத் தண்ணீர்க் கடையிலும் மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

இன்று பிற்பகல் லோட்வார் கடைத்தெருவில் ஆஃப்ரிதேவ் ரப்பர் வளையம் தேடினேன். வன்பொருள் கடைக்காரர் ஒருவர், கேட்டு வருபவர்கள் உண்டு என்றும், மொத்தமாக வாங்கி முடங்கிப்போகுமோ என்ற பயத்தில் இருப்பு வைப்பதில்லை என்றும் சொன்னார். கைப்பம்புள்ள ஊர்க்குழுக்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து ஆண்டுக்கு இவ்வளவு வாங்குவோம் என்று எழுதிக் கொடுத்தால் வைப்பீர்களா என்று கேட்டேன். வைப்பேன், காக்குமாவிலும் தம்பியின் கடை இருக்கிறது, அங்கேயும் வைப்பேன் என்றார். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி, நேற்று சந்தித்த குழுத் தலைவிக்கு அனுப்பியிருக்கிறேன்.